முடிக்கிறவர்தான் உப்பு போடணும்

போன மாதம் என் வீட்டுக்காரரை அவருடைய கம்பெனியில் லைனிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் அவருக்கு ஜெனரல் ஷிப்ட்தான். காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுவார், பேங்க்கில் வேலை பார்க்கிறவர் மாதிரி. எனக்கு ஏற்கெனவே ஜெனரல் ஷிப்ட். கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறோம். தெரிந்தவர்கள் எல்லாம் "அப்பாடா, இனிமே நிம்மதி" என்கிறார்கள். நானும் தலையாட்டி வைக்கிறேன். ஆனால் உள்ளுக்குள் என்னவோ பறிபோன மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை வந்தால் அது கூடுதலாகத் தெரிகிறது. ஏனென்றால் எங்கள் வீட்டில் சனிக்கிழமை இஸ்டூ வைக்கிற நாள்.

இஸ்டூ என்றால் மாட்டுக்கறி இஸ்டூ. படப்பைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. அம்மா ஒரு மிஷன் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு உடம்பு தேற அங்கே இஸ்டூ கொடுப்பார்கள். அந்தக் கைப்பக்குவம் அம்மாவோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மிளகாய்த்தூள் போட்டுச் சிவக்கச் சிவக்கக் குழம்பு கொதிக்கும். எங்கள் வீட்டில் மட்டும் ஆஸ்பத்திரிக் குழம்பு. சின்ன வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. நோயாளி சாப்பிடுவதை நாம் ஏன் சாப்பிடணும் என்று சண்டை போட்டிருக்கிறேன். "நோயாளிக்கே நல்லதுன்னா உனக்குக் கெட்டதா? வாயை மூடிக்கினு சாப்பிடு" என்பாள் அம்மா. என் வாய் அவளிடமிருந்து வந்ததுதான்.

செய்முறையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். சப்பைக்கறி, கூடக் கொஞ்சம் நெஞ்செலும்பு, கொழுப்பை ஒதுக்காமல் வாங்கணும். கனமான குண்டானில் முதலில் அந்தக் கொழுப்பைப் போட்டு உருகவிட்டு, அதிலேயே கறித்துண்டுகளைத் திருப்பித் திருப்பிச் சிவக்க வறுக்கணும். அடியில் பிடிக்கும்; பிடிக்கட்டும், வாசனையே அதில்தான் இருக்கிறது. கறியை எடுத்துவிட்டுப் பெரிய வெங்காயம், தட்டின இஞ்சி, முழுப் பூண்டு, கீறின பச்சை மிளகாய், பட்டை, லவங்கம், ஒன்றிரண்டாக உடைத்த மிளகு. எல்லாம் வதங்கியதும் கறியைத் திரும்பப் போட்டு, வெந்நீர் ஊற்றி, சின்னத் தீயில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகணும். கறி முக்கால் பதம் வெந்த பிறகுதான் உருளைக்கிழங்கும் கேரட்டும். இறக்குவதற்கு முன்னால் வறுத்த கோதுமை மாவைக் கரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டிப்படும். உப்பு கடைசியில். முதலிலேயே உப்பு போட்டால் கறி இறுகிவிடும் என்பது அம்மாவின் கட்சி. உண்மையோ பொய்யோ தெரியாது, நான் அந்தக் கட்சியை விட்டு மாறவே இல்லை.

என் வீட்டுக்காரர் காஞ்சிபுரம் பக்கத்து ஆள். அவர் வீட்டில் மாட்டுக்கறி என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். நாங்கள் பழகியது கம்பெனி பஸ்ஸில். அப்போது இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். ஒருநாள் என் டிபன் பாக்ஸைத் திறந்ததும் வாசனை பிடித்து, "இன்னா அது, ஆட்டுக்கறியா?" என்றார். இல்லை, மாடு என்றேன். மறைக்கவில்லை, மறைத்துக் காதலிக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. அவர் பாக்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு உருளைக்கிழங்கை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் கறியும் போனது. அதற்கடுத்து என் டிபன் பாக்ஸில் எனக்கு மிச்சம் இருந்ததே இல்லை. பிறகு அவர் வேறு கம்பெனிக்கு மாறினார், கல்யாணம் ஆனது. ஒரகடத்தில் ஒரு வரிசை வீட்டில் குடித்தனம் வைத்தோம்.

அந்த வரிசை வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இஸ்டூவைப் பற்றிச் சொல்ல முடியாது. ஷீட் கூரை போட்டு, ரயில் பெட்டி மாதிரி நீளமாகக் கட்டி, ஆறு கதவு வைத்து ஆறு குடித்தனம். எல்லாரும் கம்பெனி ஆட்கள், ஆனால் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிப்ட். எந்த நேரத்திலும் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுப்பவர்கள் கதவுக் கொண்டியில் ஒரு துண்டைக் கட்டிவிடுவார்கள். துண்டு தொங்கினால் அந்தப் பக்கம் குழாயடியில் குடத்தைக்கூட ஓசைப்படாமல் வைக்கணும்.

இது தெரியாமல் நான் குடிபோன முதல் சனிக்கிழமை குக்கரில் கறியை ஏற்றிவிட்டேன். இரண்டாவது விசில் அடங்குவதற்குள் கடைசிக் கதவு திறந்தது. திருநெல்வேலிக்காரர் ஒருவர், தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை, லுங்கியோடு வெளியே வந்து நின்றார். "ஏ, எவம்ல அது விசில் அடிக்கது? மனுசன் ராத்திரி பூரா நின்னுட்டு வந்து உறங்க வேண்டாமா?" என் கதவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "நீங்களாக்கும். புதுசா வந்தவங்க. சரி, தெரிஞ்சுக்கிடுங்க, இங்க பகல்ல குக்கர் விசில் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கதவு அக்கா விழுப்புரத்துக்காரர், வேலைக்குப் போகாதவர். அவர் வந்து எனக்கு விளக்கமாகச் சொன்னார். இந்த வரிசையில் அரிசி, பருப்பு, கறி எல்லாமே திறந்த பாத்திரத்தில்தான். வீட்டு ஓனர் போட்ட சட்டம் இல்லை, தூக்கம் கெட்டவர்கள் சேர்ந்து போட்டது.

பருப்பு சரி. மாட்டுக்கறி திறந்த குண்டானில் வேகக் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகும். அத்தனை நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? எனக்கு ஏ ஷிப்ட் என்றால் விடியும் முன்னே பஸ், பி ஷிப்ட் என்றால் மதியம் பஸ். அவருக்கும் அப்படியே, தலைகீழாக.

இதற்கு வழி கண்டுபிடித்தது அவர்தான். சாலையோரக் காயலான் கடையில் கம்பெனிகளிலிருந்து வருகிற தெர்மாகோல் பெட்டிகள் மலையாகக் குவிந்து கிடக்கும், ஏதோ ஒரு காருக்கான ஏதோ ஒரு பாகம் வந்திறங்கிய பெட்டிகள். அதில் தடிமனான ஒன்றை வாங்கி வந்து, உள்ளே குண்டான் கச்சிதமாக உட்காரும்படி கத்தியால் குடைந்தார். கொதிக்கக் கொதிக்கக் குண்டானை அதற்குள் இறக்கி, பழைய சேலையைச் சுற்றிலும் திணித்து, மூடியைப் போட்டுவிட்டால் அடுப்பே இல்லாமல் கறி தன் பாட்டுக்கு வேகும். மணிக்கணக்காகச் சூடு இருக்கும். திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது இந்த ஆளைக் கட்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் சனிக்கிழமைச் சமையல். பி ஷிப்டில் இருப்பவர் காலையில் பாய் கடைக்குப் போய்க் கறி வாங்கி வந்து, வறுத்து, கொதிக்கவைத்து, மதியம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பெட்டிக்குள் இறக்கிவிட்டுப் போவார். ஏ ஷிப்ட் முடித்து வருகிறவர் சாயங்காலம் பெட்டியைத் திறந்து, திரும்ப அடுப்பில் ஏற்றி, கிழங்கு, கேரட், மாவு போட்டு முடிப்பார். ஒரு வாரம் நான் தொடங்க அவர் முடிப்பார், மறு வாரம் அவர் தொடங்க நான் முடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சர்ச்சிலிருந்து வந்ததும் சேர்ந்து சாப்பிடுவோம். முதலில் பிரெட்டைத் தொட்டுக்கொண்டு, அப்புறம் சோற்றில் ஊற்றிக்கொண்டு. ஒருநாள் வைத்திருந்த இஸ்டூவுக்குத் தனி ருசி. வாரத்தில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே சாப்பாடும் அதுதான்.

இரண்டு கை சேர்ந்து ஒரு குழம்பு வைத்தால் சட்டம் வேண்டும். எங்கள் சட்டம் ஒன்றே ஒன்று. முடிக்கிறவர்தான் உப்பு போடணும். தொடங்குகிறவர் உப்பு டப்பாவைத் தொடவே கூடாது. இந்தச் சட்டம் எங்களுக்கு ரொம்ப அவசியம். ஏனென்றால் அவர் ருசி பார்க்க மாட்டார். அவர் வீட்டில் சமைத்ததைச் சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் வாயில் வைக்கக் கூடாது. அவருடைய அம்மா கண்ணளவிலேயே எல்லாம் போடுவார். அந்தப் பழக்கம் இவரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. குண்டானைப் பார்ப்பார், ஆவியை மோப்பம் பிடிப்பார், கையில் உப்பை அள்ளிப் போடுவார், மூடிவிடுவார். "மாட்டுக்கறியை எந்தச் சாமிக்குப் படைக்கப் போறீங்க?" என்று கேட்டால் சிரிப்பாரே தவிர, கரண்டியை நாக்கில் வைக்க மாட்டார். ஆனால் உப்பு ஒருநாளும் தப்பியதில்லை. அது எனக்கு எரிச்சல்தான். நான் மூன்று தடவை ருசி பார்த்தும் சில சமயம் தவறவிடுவேன்.

மகள் பிறந்தாள். அம்மா அப்போது உயிரோடு இல்லை. மாமியார் காஞ்சிபுரத்தை விட்டு வர முடியாத நிலை. லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது எதிரெதிர் ஷிப்ட்தான் எங்களைக் காப்பாற்றியது. ஒருவர் போனால் ஒருவர் வந்துவிடுவோம். நடுவில் ஒன்றிரண்டு மணி நேர இடைவெளியைப் பக்கத்துக் கதவு அக்கா பார்த்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் தன் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, எனக்கு எது ஷிப்டோ அதற்கு எதிர் ஷிப்டாகவே வாங்கிக்கொள்வார். குழந்தையும் குண்டான் மாதிரியேதான் கை மாறி வளர்ந்தது. நான் குளிப்பாட்டி வைத்துவிட்டுப் போவேன், அவர் வந்து சோறு ஊட்டித் தூங்கவைப்பார்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லணும். ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற லைனில் நாள் முழுக்க நின்றபடி வேலை. வீட்டுக்கு வந்தால் கால் கடுக்கும். ஆனால் கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே, அப்போது நான் யாருக்கும் மகள் இல்லை, பெண்டாட்டி இல்லை, அம்மா இல்லை. நான் நானாக நிற்பேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வராது. அந்த வருஷம் என்னைப் பர்மனென்ட் பண்ணப்போகிறார்கள் என்று பேச்சும் இருந்தது.

மகளுக்கு இரண்டு வயது ஆகும்போது அவருக்கு ஒரு யோகம் அடித்தது. அவருடைய மேனேஜர் கூப்பிட்டு, சூப்பர்வைசர் ஆக்குகிறோம், ஜெனரல் ஷிப்டுக்கு வந்துவிடு என்று சொல்லியிருக்கிறார். நீலச் சட்டை போய் வெள்ளைச் சட்டை. ஒரு வாரம் கழித்துத் திங்கட்கிழமை பதில் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை இஸ்டூவைப் பிரெட்டில் தொட்டுக்கொண்டே அதை அவர் சொன்னபோது எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. இரண்டாவது வாய்க்குள் கணக்குப் புரிந்துவிட்டது. அவர் ஜெனரல் ஷிப்டுக்குப் போனால் குழந்தையோடு அரை நாள் இருக்க ஆள் கிடையாது. அக்காவால் ஒன்றிரண்டு மணி நேரம் முடியும், அரை நாள் முடியாது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் எதுவும் அப்போது எங்கள் பக்கம் இல்லை.

"யோசிச்சுப் பாரு. நீ ஒரு ரெண்டு வருஷம் நின்னுக்கினா, பாப்பா ஸ்கூலுக்குப் போனதும் திரும்பப் போலாம்" என்றார்.

"திரும்பப் போனா யாரு எடுப்பாங்க? அந்த ரெண்டு வருஷம் நீங்க நில்லுங்களேன்" என்றேன்.

"நான் இன்னா தப்பா கேட்டுட்டேன்?"

"யோவ், நீ கேட்டதே தப்பு."

யோவ் என்று நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது என்று அவருக்குத் தெரியும். தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எதிரெதிர் ஷிப்டில் இருக்கிறவர்களுக்குப் பேசாமல் இருப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை. நான் வரும்போது அவர் தூங்குவார், அவர் கிளம்பும்போது நான் தூங்குவேன். குழந்தைக்கு மருந்து கொடுத்தாச்சா என்பதைக்கூட அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனோம். அக்காவுக்கே எங்கள்மேல் சலிப்பு வந்துவிட்டது. "நான் என்னா தபால்காரியா? உங்க வூட்டுச் சேதிய நீங்களே சொல்லிக்குங்க" என்றார்.

சனிக்கிழமை வந்தது. எனக்கு பி ஷிப்ட், அதனால் நான் தொடங்கணும். சண்டையில் சமையலை நிறுத்துகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பாய் கடையில் சப்பை வாங்கி வந்து வறுக்க ஆரம்பித்தேன். கோபத்தில் வறுத்தால் நன்றாகவே சிவக்கிறது என்பதை அன்றைக்குக் கண்டுகொண்டேன். மகள் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்தாள். கொடியில் அவருடைய நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. காலர் நைந்து வெளுத்துப் போயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனுஷன் எத்தனை வருஷம் லைனில் நின்றிருக்கிறார், எனக்காக எத்தனை பேரிடம் எதிர் ஷிப்ட் கேட்டுக் கெஞ்சியிருக்கிறார் என்றெல்லாம் வரிசையாக வந்தது. கோபம் மெல்ல இறங்கியது. இறங்கிய இடத்தில் அழுகை வந்தது.

சரி, நானே நின்றுவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். ஆனால் அதை வாயால் சொல்ல ரோஷம் விடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குண்டானை இறக்கிப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் உப்பு டப்பாவை எடுத்தேன். இனிமேல் தொடங்குவதும் நான், முடிப்பதும் நான். அப்படியென்றால் உப்பும் நான்தானே போடணும்? சாயங்காலம் அவர் திறந்து பார்த்து, உப்பு இருப்பது தெரிந்ததும் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். உப்பைப் போட்டு, கலக்கி, மூடி, சேலையைத் திணித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற அந்தப் பத்து நிமிஷமும் இதுதான் கடைசி என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அவர் ருசி பார்க்க மாட்டார் என்பது எனக்கு நினைவே வரவில்லை. இத்தனை வருஷம் அதையே சொல்லிச் சொல்லிக் கிண்டலடித்தவளுக்கு அன்றைக்கு மட்டும் மறந்துபோயிற்று.

மறுநாள் மதியம். சர்ச்சிலிருந்து வந்ததும் தட்டு வைத்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உப்பைப் பார்த்தும் இப்படி உம்மென்று இருக்கிறாரே, என் வேலை போவது இவருக்கு அவ்வளவு சாதாரணமா என்று எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. மகள் வாயில் வைத்த பிரெட்டைத் துப்பிவிட்டு முகத்தைச் சுளித்தாள். நான் ஒரு துண்டு வாயில் வைத்தேன். கடல் தண்ணீர்.

அவரும் வைத்தார். தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார், "நீ உப்பு போட்டியா?"

அந்த வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"போட்டேன்."

"நீதானே தொடங்கின. நீ எதுக்குப் போட்ட?"

"இனிமே நான்தானே முடிக்கணும்" என்றேன். கண்ணீர் தட்டில் விழுந்தது. ஏற்கெனவே இருந்த உப்பு போதாதென்று அது வேறு.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு எழுந்து போய்க் குண்டானை அடுப்பில் ஏற்றினார். கூடையிலிருந்த உருளைக்கிழங்கு முழுவதையும் கீழே கொட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்து தோல் சீவ ஆரம்பித்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அக்கா வீட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் கிழங்கு வந்தது. தண்ணீர் ஊற்றி, கிழங்கைப் போட்டு, திரும்பத் தண்ணீர் ஊற்றி, உப்பு அடங்குகிற வரைக்கும் குழம்பைப் பெருக்கிக்கொண்டே போனோம். கடைசியில் பெரிய அண்டாவுக்கு மாற்றவேண்டியதாயிற்று.

தோல் சீவிக்கொண்டே அவர் சொன்னார், "நாளைக்கு மேனேஜர் கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

"நான்தான் நின்னுடறேன்னு சொல்றேன்ல."

"நீ நின்னுட்டா எல்லாத்தையும் நீயே தொடங்குவ, நீயே முடிப்ப. அப்புறம் எனக்கு இன்னா வேலை இந்த வூட்ல?"

கத்தியைக் கீழே வைக்காமல், என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். வாழ்க்கையில் என்னிடம் யாரும் அதைவிடப் பெரிய வார்த்தை சொன்னதில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. "கிழங்கைப் பெருசா வெட்டுங்க, கரைஞ்சிடும்" என்றுதான் சொன்னேன்.

அன்றைக்கு அந்த வரிசையில் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் எங்கள் இஸ்டூதான் சாப்பிட்டார்கள். திருநெல்வேலிக்காரர் கிண்ணத்தை நீட்டி இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டு, "கறிய எங்க போட்டிய? கிழங்காத்தான கெடக்கு" என்றார். சொல்லிவிட்டு அந்தக் கிண்ணத்தையும் காலி செய்தார்.

திங்கட்கிழமை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வெள்ளைச் சட்டை அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போனது. இவர் கையைப் பிடித்து வேலை கற்றுக்கொடுத்த ஆள். அதற்குப் பிறகு அந்த ஆளை இவர் சார் என்று கூப்பிடவேண்டியதாயிற்று. வீட்டில் அதைப் பற்றி ஒருநாளும் அவர் வாய் திறந்ததில்லை. எனக்குத்தான் அந்த ஆளை வழியில் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கும். நான் பர்மனென்ட் ஆனேன், லைன் லீடர் ஆனேன், பிறகு ஜெனரல் ஷிப்டில் குவாலிட்டி செக்கிங்குக்கு வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் லட்டு வாங்கிக்கொண்டு போய் அவருடைய கம்பெனியில் கொடுத்தார். நான் நன்றி என்று சொன்னதில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் அந்த வார்த்தை நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் அன்றிலிருந்து, நான் தொடங்குகிற சனிக்கிழமைகளில் உப்பு டப்பாவை என் கை தொட்டதில்லை.

இப்போது சேரப்பணஞ்சேரிப் பக்கம் சொந்தமாக இரண்டு அறை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். மகள் காலேஜ் போகிறாள். இங்கே குக்கர் விசில் எத்தனை அடித்தாலும் கேட்க ஆளில்லை. ஆனாலும் சனிக்கிழமை இஸ்டூவை மட்டும் பெட்டியில்தான் வைத்துவந்தோம். அதே பெட்டி, மூலையெல்லாம் உதிர்ந்து, டேப் ஒட்டி ஒட்டி நிற்கிறது.

அவர் ஸ்டோர்ஸுக்கு மாறிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. காலையிலேயே இரண்டு பேரும் சமையலறையில் நின்றோம். இடித்துக்கொண்டோம். நான் வெங்காயம் எடுத்தால் அவரும் வெங்காயம் எடுக்கிறார். நான் கிளறினால் அவர் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார். "கொழுப்பு இன்னும் உருகணும்" என்கிறார். எனக்குத் தெரியாதா?

"இனிமே எதுக்கு இந்தப் பெட்டி? ரெண்டு பேரும் வூட்லதான் இருக்கோம். அடுப்புலயே வெச்சு முடிச்சுடலாம். இத காயலான் கடைக்கே திருப்பிப் போட்டுடுங்க" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான்.

அவர் பாட்டுக்குக் கிளறிக்கொண்டிருந்தார். மதியம் ஆனதும், வழக்கமான நேரத்துக்கு, குண்டானைத் துணி பிடித்துத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினார். பழைய சேலையைத் திணித்தார். மூடியைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ போ."

"எங்க போறது?"

"எங்கனா போயிட்டு வா. நீ நின்னா எனக்குக் கை வராது."

பைத்தியமா உங்களுக்கு என்று கேட்க வாய் வந்துவிட்டது. கேட்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவள் மாதிரியே கிளம்பினேன். எங்கே போவதென்று தெரியாமல் கால் போன பக்கம் போனால் அது கம்பெனி பஸ் நிற்கிற இடமாக இருந்தது. பி ஷிப்ட் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள், கழுத்தில் ஐடி கார்டோடு, கையில் போனோடு. ஒருத்தி என்னைப் பார்த்து, "அக்கா, இன்னா இன்னைக்கு ஷிப்டா?" என்றாள்.

"இல்லம்மா, கறி வெந்துகினு கீது" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்கள். நான் அங்கேயே வெயிலில் நின்றேன். இந்த இடத்தில் இத்தனை வருஷம் என்னை நிற்கவைத்தது யார் என்று நினைத்துப் பார்த்தேன்.

பெரியம்மா மகள் வீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஏ ஷிப்ட் பஸ் வருகிற நேரத்தையும் தாண்டித் திரும்பினேன். தெருமுனையிலேயே வாசனை வந்தது. உள்ளே போனேன். குண்டான் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. கிழங்கு வெந்து, மாவு ஊற்றி, எல்லாம் முடிந்திருந்தது. அவர் கரண்டியால் கொஞ்சம் மொண்டு என் உள்ளங்கையில் ஊற்றினார். "உப்பு பாரு" என்றார்.

அவர் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. நக்கிப் பார்த்தேன். பத்தவில்லை. ஒருநாளும் தப்பாத கைக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அவரைப் பார்த்தேன்.

"பாதிதான் போட்டிருக்கேன்" என்று உப்பு டப்பாவை என்னிடம் நீட்டினார். "மீதிய நீ போடு."

போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். உப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.